மிதிவண்டிப் பந்தயமும் ஒரு பிழைதிருத்தமும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வழங்கிச் சென்ற முதுமொழி. இளமையில் இதனை மனப்பாடம் செய்யாதார் நம்முள் எவருமிலர். ஆயினும் இதன் பொருளை நாம் உள்ளவாறு உணர்ந்தது முப்பது வயதைக் கடந்த பின்னரே. அதுவும் ஏழு கடலுக்கு அப்பால் நடைபெறும் ஒரு மிதிவண்டிப் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் கண்டதன் வாயிலாக என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். நகைத்தபின் சற்றே பொறுத்து இக்கட்டுரையைப் படிக்குமாறு வேண்டுகின்றோம்.

நாம் பட்ட கடன்

நம் சங்கத்தின் 2005 ஆம் ஆண்டு விழா மலரில் நாம் ஒரு சிறு கட்டுரை எழுதினோம். நம் பெயர் அச்சில் ஏறியது அதுவே முதன்முறை. பிரான்சு தேசத்தில் ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் நடக்கும் ‘டூர் டி பிரான்ஸ்’ என்னும் பந்தயத்தைப் பற்றியும், அதில் தொடர்ந்து ஏழு முறை வென்ற அமெரிக்கர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கைப் பற்றியும் அதில் வியந்து எழுதியிருந்தோம். புற்றுநோயின் பிடியிலிருந்து மீண்டு உலகின் மிகக் கடிய பந்தயத்தை வென்றவர் என்றும், நம் காலனிச் சிறுவர்கள் அவரை முன்மாதிரியாகக் கொள்ளல் வேண்டும் என்றும் எழுதி முடித்தோம். பெரியோர் சிலர் பாராட்டினர். கட்டுரையோடு வந்த படத்தை ஒரு சிறுவன் வெட்டி எடுத்துத் தன் பாடப் புத்தகத்தின் அட்டையில் ஒட்டிக்கொண்டான்.

2012 ஆம் ஆண்டில் உண்மை வெளிப்பட்டது. அந்த ஏழு வெற்றிகளும் ஊக்கமருந்தின் துணைகொண்டு பெறப்பட்டவை என்று தீர்ப்பாகி, அவை அனைத்தும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பெற்றன. அன்று அந்தச் சிறுவன் சிறுவன் அல்லன். மீசை அரும்பிய இளைஞன். மாலையில் நம் குவார்ட்டர்சின் வாசலில் வந்து நின்று, “மாமா, அப்படியென்றால் நீங்கள் மலரில் எழுதியது பொய்யா?” என்று வினவினான். நாம் விடை கூறாது, “உள்ளே வா, காப்பி குடிக்கலாம்” என்றோம். அவன் குடித்துவிட்டுச் சென்றான். கேள்வி மட்டும் திண்ணையிலேயே அமர்ந்துகொண்டது.

நாம் இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிபவர். பத்தாம் வகுப்புத் தேறி, கலாசியாகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி, நாற்காலிக்கு வந்தவர். அங்கே முதல் நாளன்று நமக்குக் கற்பித்த பாடம் ஒன்றே. பதிவேட்டில் பிழையாக ஒன்றை எழுதிவிட்டால் அதனைச் சுரண்டுதல் கூடாது. அதன்மேல் மற்றொன்றை எழுதுதலும் கூடாது. பிழை படிக்கத் தெரியும் வண்ணம் ஒரே ஒரு கோடிட்டு, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுதல் வேண்டும். பிறருடைய பதிவேடுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதனைச் செய்துவரும் நாம், நம் சொந்தப் பிழைக்கு இதுகாறும் கோடிடாமல் இருந்தோம். இக்கட்டுரை அக்கோடு.

செய்தித்தாள் பெற்ற பிள்ளை

முதலில் இப்பந்தயம் தோன்றிய வரலாற்றைக் காண்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் மாநகரில் இரண்டு விளையாட்டு நாளிதழ்கள் கடும் பகையுடன் போட்டியிட்டன. ஒன்று பச்சைத் தாளில் அச்சான ‘ல வேலோ’. மற்றொன்று மஞ்சள் தாளில் அச்சான ‘லோத்தோ’. புதிதாகப் பிறந்த மஞ்சள் இதழ் விற்பனையில் பின்தங்கியது. அதன் ஆசிரியர் ஆன்ரி டெக்ராஞ்ச் என்பவர் வழியறியாது தவித்தபோது, அவ்விதழின் இளம் நிருபரான ஜியோ லெஃபெவ்ர் ஒரு யோசனை கூறினார். பிரான்சு தேசத்தையே மிதிவண்டியில் சுற்றிவரும் ஒரு பந்தயத்தை நடத்தினால் என்ன என்பதே அது.

1903 ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், பாரிசுக்கு அருகில் உள்ள மோன்ஜெரோன் என்னும் ஊரில், ஓர் உணவு விடுதியின் முன்பிருந்து 60 பேர் புறப்பட்டனர். மொத்தத் தொலைவு 2,428 கிலோமீட்டர்; அதனை ஆறு கட்டங்களாகப் பிரித்திருந்தனர். பாரிசிலிருந்து லியோன் நகர் வரையிலான முதற்கட்டம் மட்டும் 467 கிலோமீட்டர். அதனை மோரிஸ் கரான் என்பவர் இரவு முழுதும் மிதித்து, ஏறக்குறைய 17 மணி 45 நிமிடத்தில் கடந்தார். இளமையில் புகைபோக்கிகளில் ஏறிக் கரி துடைக்கும் தொழில் செய்தவர் அவர். அவரே முதற்பந்தயத்தை வென்றார். பாரிசுக்குத் திரும்பி வந்தவர் 21 பேரே.

இங்கே நம் காலனி அன்பர்கள் மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. யோசனை கூறிய லெஃபெவ்ரே பந்தயத்தைக் கண்காணிக்கவும் செய்தி எழுதவும் அனுப்பப்பட்டார். அவர் எவ்வாறு பின்தொடர்ந்தார் தெரியுமா? இரயிலில் ஏறி ஓர் ஊர் முன்னே சென்று இறங்குவார். கடந்து செல்வோரைக் குறித்துக்கொள்வார். சிறிது தொலைவு தாமும் மிதிவண்டியில் செல்வார். மீண்டும் இரயில் ஏறுவார். ஆகவே இப்பந்தயத்தைக் கண்ட முதற்கண் இரயில் வண்டியின் சன்னல் வழியாகவே கண்டது. ஆனால் இரண்டு நிலையங்களுக்கிடையே இருளில் நடந்தவற்றை அக்கண் காணவில்லை. முழுப் பந்தயத்தையும் கண்டவர் ஒருவரும் இலர். நாளிதழ் கூறியதை மக்கள் நம்பினர்; நம்பி வாங்கினர். இதழின் விற்பனை பன்மடங்கு உயர்ந்தது; பச்சை இதழ் அடுத்த ஆண்டிலேயே மறைந்தது.

இரயிலேறிய வீரர்கள்

கண்காணிப்பவர் இரயிலில் செல்லும்போது கண்காணிக்கப்படுபவரும் இரயிலில் ஏறினால் என்னாவது? அதுவும் நடந்தது. 1904 ஆம் ஆண்டின் இரண்டாம் பந்தயத்தில் தம் ஊர்க்காரர் வெல்ல வேண்டும் என்று விரும்பிய கூட்டத்தார் இரவில் சாலையை மறித்துப் பிற வீரர்களைத் தாக்கினர். வீரர்களுள் சிலர் மோட்டார் வண்டியில் இழுத்துச் செல்லப்பட்டனர் என்றும், சிலர் இரயிலேறி வழியைக் கடந்தனர் என்றும் குற்றச்சாட்டுகள் குவிந்தன. முதல் நான்கு இடங்களையும் பெற்றவர்கள், மீண்டும் முதலிடம் பெற்ற கரான் உட்பட, நான்கு திங்கள் கழித்துத் தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். ஐந்தாவதாக வந்த ஆன்ரி கார்னே என்னும் 19 வயது இளைஞர் வெற்றியாளர் என அறிவிக்கப்பட்டார். இன்றுவரை இப்பந்தயத்தை வென்றோருள் வயதில் இளையவர் அவரே.

அன்று டெக்ராஞ்ச் இப்பந்தயம் முடிந்துபோயிற்று என்று மனமுடைந்து எழுதினார். ஆயினும் அடுத்த ஆண்டே விதிகளை மாற்றி மீண்டும் நடத்தினார். பந்தயத்தின் இரண்டாம் பக்கத்திலேயே அடித்துத் திருத்தியாயிற்று என்பதை அன்பர்கள் நினைவில் கொள்வார்களாக. பிற்பாடு இது பயன்படும்.

இரயிலுக்கும் இவ்வகைப் பந்தயத்துக்கும் உள்ள உறவு அத்துடன் நிற்கவில்லை. பிரான்சின் வட பகுதியில் கருங்கல் பாவிய சாலைகளில் நடக்கும் பாரிஸ்–ரூபே என்னும் ஒருநாள் பந்தயத்தில், 2006 ஆம் ஆண்டு, மூடிய லெவல் கிராசிங்கைக் கடந்து சென்ற மூவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். அவர்கள் இரண்டாம், மூன்றாம், நான்காம் இடங்களில் வந்தவர்கள். 2015 ஆம் ஆண்டு அதே பந்தயத்தில், தடுப்புக் கட்டை இறங்கிய பின்னும் பலர் நுழைந்து சென்றனர். சில நொடிகளில் அதிவேக இரயில் அவ்விடத்தைக் கடந்தது. தொலைக்காட்சியில் அதனைக் கண்ட நமக்கு, வண்டி ஓட்டுநரின் நெஞ்சு எவ்வாறு துடித்திருக்கும் என்பதே முதல் எண்ணமாக எழுந்தது. ஆனால் அம்முறை எவரும் நீக்கப்படவில்லை. குற்றம் ஒன்றே, பதிவு வேறு. கண் கண்டுவிட்டால் மட்டும் நீதி பிறந்துவிடாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

கொல்லன் உலைக்களத்தில்

1910 ஆம் ஆண்டு பந்தயம் பிரனீசு மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களில் ஏறியது. சாலை என்று சொல்லத்தகாத கற்பாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஆக்டேவ் லாபீஸ், அமைப்பாளர்களை நோக்கிக் “கொலைகாரர்கள்” என்று கூவியது இன்றளவும் பேசப்படுகிறது. அவ்வாண்டுப் பந்தயத்தை வென்றவரும் அவரே. ஏழாண்டுகளுக்குப் பின் முதல் உலகப் போரில் விமானியாக உயிர் நீத்தார்.

1913 ஆம் ஆண்டில் நடந்தது இன்னும் உருக்கமானது. தூர்மலே கணவாயிலிருந்து இறங்குகையில் யூஜீன் கிறிஸ்தோஃப் என்பவரின் வண்டியின் முன்கவை முறிந்தது. பிறர் உதவியைப் பெறலாகாது என்பது அக்கால விதி. அவர் வண்டியைத் தோளில் சுமந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து மலையடி ஊரை அடைந்தார். கொல்லனின் உலைக்களத்தில் தாமே இரும்பைக் காய்ச்சி, தாமே அடித்து, முறிந்த கவையை ஒட்டவைத்தார். மேற்பார்வையாளர்கள் பக்கத்தில் நின்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தனர். இரண்டு கைகளும் வேலையில் இருந்தமையால் துருத்தியை ஊத ஒரு சிறுவன் உதவினான். அதற்காக அவருக்குத் தண்டனை நேரம் விதிக்கப்பட்டது. அவர் வெல்ல வேண்டிய பந்தயம் அவ்வாறு கைநழுவிற்று.

ஒரு சிறுவன் துருத்தி ஊதியதைக் கூடக் கணக்கில் எழுதிய பந்தயம் இது. அக்கண்டிப்பைக் கொடுமை என்போரும் உளர். நமக்கோ, கணக்கு எழுதுபவர் என்ற முறையில், அதில் ஒரு மரியாதையும் தெரிகின்றது. 1919 ஆம் ஆண்டு, மொத்த நேரத்தில் முந்தி நிற்பவரைக் கூட்டத்தில் அடையாளம் காண மஞ்சட் சட்டை அணிவிக்கும் வழக்கம் பிறந்தபோது, அதனை முதன்முதலில் அணிந்தவர் இதே கிறிஸ்தோஃப். இதழின் தாளும் மஞ்சள், சட்டையும் மஞ்சள். ஆனால் பாரிசில் இறுதி நாளன்று அச்சட்டையோடு நிற்கும் பேறு அவருக்கு ஒருபோதும் கிட்டவில்லை.

பிறருக்காக மிதிப்போர்

இப்பந்தயத்தை ஏன் விரும்பிப் பார்க்கிறீர்கள் என்று நம் இல்லத்தரசியார் முதல் அலுவலக நண்பர் வரை பலரும் கேட்டதுண்டு. மூன்று வாரங்கள், 21 கட்டங்கள், ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர். எட்டுப் பேர் கொண்ட அணிகள். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர். விதி இவ்வளவே. ஆனால் உள்ளே ஓர் உலகம் உண்டு.

மிதிவண்டிக்குப் பெரும்பகை காற்று. ஒருவர் பின்னால் ஒட்டிச் செல்பவருக்குச் சமவெளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். ஆதலின் ஒவ்வோர் அணியிலும் தலைவர் ஒருவர் இருக்க, ஏனையோர் அவர் முன்னே சென்று காற்றை வாங்கிக்கொள்வர். பின்னால் வரும் காரிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளைச் சட்டைக்குள் திணித்துக் கொண்டுவந்து தருவர். தலைவரின் சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தைக் கழற்றித் தந்துவிட்டு ஓரத்தில் நிற்பர். மலையடிவாரம் வரை, சிலர் மலையின் பாதி வரை, தம் வலிமை முழுவதையும் செலவிட்டு ஒதுங்கிவிடுவர்.

காட் பகுதியில் பணியாற்றிய அன்பர்களுக்கு இது புதிதன்று. சரக்கு வண்டி ஏற்றத்தில் திணறும்போது பேங்கர் என்ஜின் பின்னின்று தள்ளும். உச்சிக்கு வந்ததும் கழற்றிக்கொண்டு அடிவாரத்துக்குத் திரும்பும். வண்டி ஊர் போய்ச் சேர்ந்த செய்தியில் பேங்கரின் பெயர் வராது. தண்டவாளத்தை நாள்தோறும் நடந்து பார்க்கும் கீமேனின் பெயரும் வராது. நம் காலனியில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் அத்தகையோரே. பெயர் வராத உழைப்பை முழுநாளும் காட்டுகின்ற ஒரு விளையாட்டை நாம் விரும்பியதில் வியப்பென்ன?

தொலைக்காட்சி வந்த கதை

இவ்வுழைப்பு நம் கண்ணுக்குத் தெரிவது தொலைக்காட்சியால். 1948 ஆம் ஆண்டு பாரிசில் பந்தயம் முடிவதை முதன்முதலில் நேரடியாக ஒளிபரப்பினர். 1958 இல் மலையேற்றமும் நேரடியாகக் காட்டப்பட்டது. பின்னர் மோட்டார் சைக்கிளில் ஒருவர் ஓட்ட, பின்னால் அமர்ந்த மற்றொருவர் காமிராவைத் தாங்கிச் செல்ல, மேலே ஹெலிகாப்டர் வட்டமிட, காட்சி வீடு தேடி வந்தது. 2017 முதல் ஒவ்வொரு கட்டமும் தொடக்கமுதல் முடிவுவரை நேரடியாக ஒளிபரப்பாகின்றது. லெஃபெவ்ர் இரயிலேறி ஓடிய பந்தயத்தை இன்று நம்மால் இருந்த இடத்திலேயே முழுதும் காண முடிகின்றது.

பிரான்சில் மாலை ஐந்தரை மணி என்றால் நமக்கு இரவு ஒன்பது. அலுவலகம் முடிந்து, இரவு உணவும் முடித்து அமர்ந்தால், கடைசி மலை சரியாக அந்நேரம் வரும். வெளியே பருவமழை கொட்டும்; திரையில் சூரியகாந்தி வயல்களின் நடுவே வண்ணச் சட்டைகள் ஆறு போல் ஓடும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நாம் ஜூலைத் திங்களை எதிர்நோக்கியிருப்போம்.

நாம் முதன்முதலில் இதனைக் கண்டது 2001 ஆம் ஆண்டு, நம் ரயில்வே இன்ஸ்டிடியூட்டின் கூடத்தில். கேரம் பலகைகளுக்கு அப்பால் இருந்த தொலைக்காட்சியில் ஆல்ப்ஸ் மலையின் ஆல்ப் துவெஸ் ஏற்றம் காட்டப்பட்டது. நாள் முழுதும் களைத்தவர்போல் பின்தங்கி வந்த ஆம்ஸ்ட்ராங், மலையடிவாரத்தில் முன்னே வந்தார்; திரும்பி, தம் எதிரியான ஜெர்மானியர் யான் உல்ரிக்கின் முகத்தை ஒருமுறை நோக்கினார்; பிறகு பறந்துவிட்டார். கேரம் ஆடியவர்களும் ஆட்டத்தை நிறுத்திப் பார்த்தனர். அன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் வெற்றியாளர் பெயர்களை நாம் எழுதத் தொடங்கினோம்.

அக்களைப்பு நடிப்பு என்பது பின்னர்த் தெரிந்தது. எதிரணியின் கார்களில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அதில் தம் முகத்தைப் பார்த்து ஏமாறட்டும் என்றே அவர் அவ்வாறு நடித்தார். அன்று அதனைப் பெரும் சாமர்த்தியம் என்று மெச்சினோம். தொலைக்காட்சியைப் பார்த்து ஏமாந்தவர்களின் வரிசையில் நாமும் அமர்ந்திருந்தோம் என்பது அப்போது நமக்குத் தெரியாது.

வெற்றிடமான ஏழு ஆண்டுகள்

ஊக்கமருந்து இவ்விளையாட்டில் புதிதன்று. 1967 ஆம் ஆண்டு ஜூலை 13 ஆம் நாள், வோந்தூ என்னும் வெம்மை மிகுந்த மலையில் ஆங்கிலேயர் டாம் சிம்ப்சன் தள்ளாடி வீழ்ந்து உயிர் துறந்தார். வெப்பமும் உழைப்பும் மட்டுமன்றி, உடலில் கலந்திருந்த ஊக்கமருந்தும் அதற்குக் காரணமாயிற்று. 1998 ஆம் ஆண்டு ஓர் அணியின் பணியாளர் கார் நிறைய மருந்துடன் எல்லையில் பிடிபட்டார், அவ்வணியே வெளியேற்றப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டில்தான் ஆம்ஸ்ட்ராங்கின் முதல் வெற்றி வந்தது. கறை கழுவப்பட்டது என்று உலகம் நம்ப விரும்பியது. நம்ப விரும்புபவனை ஏமாற்றுவது எளிது.

2012 ஆம் ஆண்டு அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம், அவருடன் அணியில் மிதித்தவர்களின் சாட்சியங்களோடு விரிவான அறிக்கையை வெளியிட்டது. அதில் ஒரு செய்தி நம்மை உறங்கவிடவில்லை. 1999 ஆம் ஆண்டுப் பந்தயத்தின்போதே அவரிடம் எடுத்த சோதனையில் விலக்கப்பட்ட மருந்தின் சுவடு தெரிந்ததாம். அப்போது, புண்ணுக்குப் பூசிய களிம்பு என்று சொல்லி, முன்தேதியிட்ட மருத்துவச் சீட்டு ஒன்று தயாரிக்கப்பட்டது என்பது சாட்சியம்.

முன்தேதியிட்ட மருத்துவச் சீட்டு! நம் மேசைக்கு எத்தனை வந்திருக்கின்றன! நோய்விடுப்புக் கோரிவரும் சான்றில் தேதியின் மை வேறாக இருந்தால் கையில் எடுத்தவுடன் கண்டுகொள்வோம். இப்பந்தயத்தையோ ஆண்டுக்கணக்கில் இமைகொட்டாமல் பார்த்தோம், ஒன்றும் கண்டுகொள்ளவில்லை. ஒருமுறையும் சோதனையில் பிடிபடாதவர் என்று இம்மலரிலேயே எழுதினோம். பிடிபடாமை வேறு, குற்றமின்மை வேறு என்பது எழுத்தர் வேலையின் அரிச்சுவடி. அதனை மறந்தோம்.

2012 அக்டோபரில் சர்வதேச மிதிவண்டிச் சங்கம் ஏழு வெற்றிகளையும் நீக்கியது. 2013 சனவரியில் அவரே தொலைக்காட்சியில் தோன்றிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். எந்தக் கண்ணாடி பொய்யைக் காட்டியதோ, அதே கண்ணாடி ஒப்புதலையும் காட்டியது. 1904 ஆம் ஆண்டில் ஐந்தாவதாக வந்தவருக்கு வெற்றி கிட்டியது போல இம்முறை எவருக்கும் கிட்டவில்லை. அடுத்து வந்தோருள்ளும் பலர் கறைபட்டவர்கள்; அன்று திரும்பிப் பார்க்கப்பட்ட உல்ரிக்கும் பின்னாளில் ஊக்கமருந்துக் குற்றத்துக்கு உள்ளானவரே. ஆதலின் 1999 முதல் 2005 வரை வெற்றியாளர் பகுதி வெறுமையாக விடப்பட்டது. இரு உலகப் போர்களின்போது பந்தயமே நடக்காமையால் பதிவேட்டில் வெற்றிடம் உண்டு. பந்தயம் நடந்து, உலகமே பார்த்து, அதன் பின்னும் வெற்றிடமாக நிற்பவை இந்த ஏழும்.

நாம் காணாத மனிதர்

1999 ஆம் ஆண்டுப் பந்தயத்தில் கிறிஸ்தோஃப் பாசோன் என்னும் பிரெஞ்சு இளைஞர் ஒருவரும் மிதித்தார். முந்தைய ஆண்டு பிடிபட்ட அணியில் இருந்தும், மருந்தைத் தொட மறுத்தவர் என்று உடனிருந்தவர்களாலேயே சான்று பெற்றவர். பந்தயத்தின்போது நாளிதழ் ஒன்றில் எழுதிவந்தார். இன்னும் எல்லாம் தூய்மையாகிவிடவில்லை என்று அதில் கூறினார். அதற்காகக் கூட்டத்தில் ஒருவரும் அவருடன் பேசவில்லை. ஆம்ஸ்ட்ராங் ஓடும் வண்டியிலேயே அவரை அணுகி, இப்படிப் பேசுவதாயின் விலகிப்போ என்னும் கருத்தில் பேசினார். தம் அணியினரும் கைவிட, பாசோன் பந்தயத்தின் நடுவிலேயே வீடு திரும்பினார்.

இவர் பெயரை நாம் அறிந்ததே 2012 க்குப் பின்னர்தான். நாம் நோட்டுப் புத்தகத்தில் எழுதியது வென்றவர் பெயரை; எழுத வேண்டியிருந்தது விலகிச் சென்றவர் பெயரை. காமிரா முன்னே செல்பவரைத் தொடரும்; மனம் நொந்து மூட்டை கட்டுபவரின் விடுதி அறைக்குள் அது நுழைவதில்லை. அதனைத் தேடிச் செல்வது காண்பவன் கடமை, விசாரிப்பவன் கடமை.

முடிவுரை

இத்தனைக்குப் பின்னும் ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்பீர்களாயின், 2012 க்குப் பின் இரண்டு ஆண்டுகள் நாம் பார்க்கவில்லை என்பதே விடையின் முதற்பகுதி. ஜூலை இரவுகளில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வாசலில் அமர்ந்திருந்தோம். மூன்றாம் ஆண்டு, அண்டை வீட்டிலிருந்து ஹெலிகாப்டர் ஒலியும் கூட்டத்தின் ஆரவாரமும் கேட்டபோது, கால்கள் தாமே எழுந்து சென்றன. தலைவருக்குத் தண்ணீர் சுமந்து வந்த ஒருவர் புட்டிகளைத் தந்துவிட்டுப் பின்வாங்கும் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதனை நேசிக்காதிருக்க நம்மால் இயலவில்லை. ஏழு பெயர்களை அடித்துவிடலாம். அந்த மலையை அடிக்க முடியாது. அதில் ஏறியவர்கள் பட்ட பாட்டையும் அடிக்க முடியாது.

ரேமோன் புலிதோர் என்னும் வீரரை எடுத்துக்கொள்வோம். எட்டு முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். 1964 இல் வெறும் 55 நொடிகளில் தோற்றார். மஞ்சட் சட்டையை ஒரு நாளும் அணிந்ததில்லை. வென்றவரைவிட அவரையே பிரெஞ்சு மக்கள் மிகுதியும் நேசித்தனர். அவர் 2019 இல் மறைந்தார். 2021 இல் அவர் மகள்வழிப் பேரன் மாத்யூ வான் டெர் போல் அச்சட்டையை அணிந்தபோது கண்ணீர் விட்டார்; நாமும் விட்டோம். 2020 இல் 21 வயதான தாதே பொகாச்சர் கடைசிக்கு முந்திய நாளில் முந்திச் சென்று வென்றபோது, 1904 ஆம் ஆண்டின் கார்னேக்குப் பின் இவ்வளவு இளையவர் எவரும் இலர் என்றனர். அடித்துத் திருத்திய அந்தப் பழைய வரியிலிருந்துதான் இன்றும் வயதைக் கணக்கிடுகின்றனர்.

2024 ஆகஸ்டில் பெண்களுக்கான பந்தயத்தின் இறுதிக் கட்டம் அதே ஆல்ப் துவெஸ் மலையில் முடிந்தது. ஏழு நாள் மிதித்தபின் போலந்து நாட்டுக் காசியா நியூயாதோமா நான்கே நொடிகள் வேறுபாட்டில் வென்றார். நம் மகளும் அருகில் அமர்ந்து பார்த்தாள். கைதட்டி முடித்தபின், “அப்பா, இவங்க உண்மையாகவே ஜெயிச்சாங்களா?” என்று கேட்டாள். அன்று திண்ணையில் எழுந்த கேள்வி மீண்டும் வந்து நின்றது. இம்முறை காப்பிக்கு ஓடவில்லை. “இன்று பதிவேட்டில் அவ்வாறு இருக்கிறது, அம்மா. நாம் நம்புவோம். நாளை பிழை என்று தெரிந்தால் மறைக்காமல் ஒரு கோடு போட்டு எழுதுவோம்” என்றோம்.

மீசை அரும்பிய நிலையில் நம் வாசலில் நின்ற அந்த இளைஞர் இன்று வேறொரு கோட்டத்தில் உதவி லோகோ பைலட்டாகப் பணிபுரிகிறார். இம்மலர் அவர் கைக்கும் செல்லும். அவருக்கு நாம் தர வேண்டிய விடை இதுவே: தம்பி, ஆம். 2005 ஆம் ஆண்டு மலரில் நாம் எழுதியது பொய். அறிந்து சொன்ன பொய்யன்று, விசாரியாமல் சொன்னது. அந்த வரிகளின் மீது இன்று கோடிடுகின்றோம். கோட்டின் கீழே அவை படிக்கத் தெரியட்டும். பக்கத்தில் நம் சுருக்கொப்பம் இருக்கின்றது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!